பாம்பரசனும் அரைப் பதினொண்டும்

நார்வேயில், ஒஸ்லோ நகரின் மோர்டென்ஸ்ருட் பகுதி வீட்டில் அந்த ஐந்து நாளும் இருந்தவர்கள் மூன்று பேர்: குணம் மாமா, அவர் மகள் துவாரகா, நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. மாமி, ஸ்தவாங்கர் நகரில் மகனுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் அங்கே போயிருந்தார். என்னோடு வருவதாக இருந்த என் நெறியாளர், விசா கைக்கு வந்த பிறகு முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். இந்த இருவரில் ஒருவராவது இருந்திருந்தால் நான் இப்போது வேறு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பேன் என்று அடிக்கடி நினைக்கிறேன். நினைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

குணம் மாமா எனக்கு உறவில்லை. கல்லூரியில் என்னோடு படித்த சுதனின் தாய்மாமன். சுதன் எங்கள் ஊருக்குப் பக்கத்து அகதிகள் முகாமில் பிறந்தவன். அவனுக்கு மாமா என்றால் எனக்கும் மாமா. நேரில் பார்த்திராத என்னை, "அவனை ஹோட்டல்ல விட்டா எனக்குத்தான் வெக்கம்" என்று போனில் சொல்லி வீட்டுக்கு அழைத்துக்கொண்டவர்.

நான் போனது ஒரு வேலைக்காக. ஒஸ்லோவில் ஓர் ஆய்வு நிலையத்தில் நான்கு வருட முனைவர் பட்ட ஆய்வாளர் இடம் காலியாக இருந்தது. அங்கே ஆராய்ச்சி செய்பவனுக்கு மாதச் சம்பளம் உண்டு. கடைசிச் சுற்றுக்கு மூன்று பேரை நேரில் கூப்பிட்டிருந்தார்கள். குழுவின் முன் இருபது நிமிடம் பேச வேண்டும், பிறகு கேள்விகள். என் பொருள் கிரேக்கப் புராணங்களில் வரும் ஆதி அரசர்கள். கோட்டை கட்டியவர்கள், போருக்குப் போனவர்கள் எல்லாம் பிற்பாடு வந்தவர்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால், தகப்பன் பெயர் இல்லாமல் அரச வம்சப் பட்டியலின் தலையில் நிற்பவர்களைப் பற்றித்தான் நான் ஐந்து வருடமாகப் படிக்கிறேன்.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் கல் அறுப்பவர்கள். தையில் போனால் ஆனியில்தான் ஊர் திரும்புவார்கள். இந்த இடம் கிடைத்தால் அடுத்த தையில் நீங்கள் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அம்மா அதை அப்போதே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கே ஒஸ்லோவில் இருட்டிவிட்டது. விமான நிலையத்தில் மாமா ஒரு பெரிய ஜாக்கெட்டோடு நின்றார். என் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்தார். "உதைப் போட்டுக்கொண்டு ஊட்டிக்குப் போகலாம் தம்பி. இதைப் போடும்." ஜாக்கெட் எனக்கு முழங்கால் வரை வந்தது.

வீட்டில் புட்டும் மீன் குழம்பும். மீன் சால்மன். அத்தனை விலை மீனைப் புளி விட்டுக் குழம்பு வைத்திருந்தது எனக்கு ஆச்சரியம். துவாரகாவுக்கு இருபத்தொரு வயது. நர்ஸிங் படிக்கிறாள், ஒஸ்லோவிலேயே பிறந்தவள். அவள் தமிழ் தெளிவாக, கொஞ்சம் நிதானமாக இருந்தது, படிக்கட்டில் ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குவதைப் போல.

"என்ன தம்பி படிக்கிறீர்?" என்றார் மாமா. "சுதன் ஏதோ ராசாக்கள் எண்டு சொன்னவன்."

"கிரேக்க ராஜாக்கள் மாமா. ரொம்ப ஆதியில இருந்தவங்க."

"உண்மையா இருந்தவங்களோ, கட்டுக்கதையோ?"

"கதைதாங்க மாமா."

"இல்லாத ராசாக்களைப் படிக்கிறதுக்கு இவங்கள் சம்பளம் குடுக்கிறாங்கள். கேட்டியே பிள்ளை? நீ விசரி மாதிரி ஊசி போடப் படிக்கிறாய்."

துவாரகா, "அப்பா, அண்ணாவைச் சொல்ல விடுங்கோ" என்றாள்.

நான் சொன்னேன். ஏதென்ஸின் முதல் அரசன் பெயர் கெக்ரோப்ஸ். அவனுக்குத் தாய் தகப்பன் கிடையாது, மண்ணிலிருந்து வந்தவன். அரைக்கு மேலே மனிதன், அரைக்குக் கீழே பாம்பு.

"அரை எண்டா ஹால்வ் எல்லோ?" என்றாள் துவாரகா.

"அதுவும்தான். இங்க இடுப்பு."

"அரைஞாண் கயிறு எண்டு சொல்லுறனாங்கள், அந்த அரை" என்று மாமா விளக்கினார். பிறகு குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அப்ப அவர் காற்சட்டை என்னெண்டு போட்டவர்?"

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் நான் இன்னும் பேசினேன். இதே கிரேக்கர்களுக்குள் ஆர்கோஸ் என்ற நகரத்துக்காரர்கள் வேறு கதை வைத்திருக்கிறார்கள், அங்கே டனாவோஸ் என்பவன் எகிப்திலிருந்து ஐம்பது பெண் பிள்ளைகளோடு கப்பலில் தப்பி வந்து அடைக்கலம் கேட்டான், கடைசியில் அந்த ஊர் அரசனே தன் இடத்தை அவனுக்கு விட்டுக் கொடுத்தான் என்றேன்.

மாமா என்னை நம்பாமல் பார்த்தார். "அசூல் கேட்டு வந்தவனை ராசாவாக்கினவங்களோ? எனக்கு அசூல் கிடைக்கவே ஒண்டரை வருசம் எடுத்தது. கிடைச்ச பிறகு ஆஸ்பத்திரிக் குசினியில பாத்திரம் கழுவ விட்டவங்கள். இப்பவும் அங்கைதான் நிக்கிறன்."

"நீங்கள் குசினியின்ர ராசா அப்பா" என்றாள் மகள்.

திங்கட்கிழமை காலை என் மின்னஞ்சல் திறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து திறப்பதால் சந்தேகப்பட்டு, என் இந்திய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. என் இந்திய எண் ஒஸ்லோவில் செத்துக் கிடந்தது. நேர்காணல் செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு என்பது கடிதத்திலேயே இருந்தது, அச்சிட்டுக் கையில் வைத்திருந்தேன். ஆனாலும் எதையும் விட்டுவிடக் கூடாது என்று ஆய்வு நிலையத்துக்கு நேரில் போய் இடத்தைப் பார்த்துவைத்தேன். அலுவலகத்தில் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மா இருந்தார். மின்னஞ்சல் பூட்டிக்கொண்டதைச் சொல்லி மாமாவின் எண்ணைக் கொடுத்தேன். ஏதாவது மாற்றம் இருந்தால் இந்த எண்ணில் கூப்பிடுகிறேன் என்று எழுதிக்கொண்டார். நான் செய்ததில் எந்த இடத்தில் தவறு என்று இன்று வரை தேடுகிறேன். அந்த எண்ணைக் கொடுத்ததும் சரியான காரியம்தான்.

திரும்பும்போது மெட்ரோ ஒரு நிலையத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் நார்வேஜியனில் ஏதோ சொன்னார்கள். எல்லோரும் ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து இறங்கிப் போனார்கள். மோர்டென்ஸ்ருட் கடைசி நிலையம், இன்னும் வரவில்லை, அதனால் நான் உட்கார்ந்தே இருந்தேன். விளக்கு அணைந்த பிறகுதான் ஓட்டுநர் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "தண்டவாள வேலை. மேலே பேருந்து நிற்கிறது. இந்த வண்டி ஷெட்டுக்குப் போகிறது, நீங்களும் வருகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் ஊர் ரயிலில் என்றால் இறங்கும்போதே யாராவது ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "யோவ், இதுக்கு மேல போவாது" என்று சொல்லியிருப்பார். இங்கே என் பக்கத்தில் இருந்த கிழவர் என் காலைத் தாண்டிப் போனபோது கூட மன்னிப்புதான் கேட்டார்.

வீடு சேர்ந்தபோது துவாரகா வாசலிலேயே நின்றாள். "அண்ணா, உங்கட ஆட்கள் போன் எடுத்தவை. அப்பா குளிச்சுக்கொண்டிருந்தவர், நான்தான் கதைச்சனான். ஒரு புரொஃபசருக்கு பிளேன் நேரம் மாறிப்போச்சாம். நாளைக்கு ஒரு மணிக்கு இல்லையாம், அரைப் பதினொண்டுக்காம்."

"அரைப் பதினொன்னா?"

"ஓம். அரைப் பதினொண்டு. அதே அறை."

எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. நாங்கள் பதினொன்னரை என்போம். இவர்கள் அரையை முன்னால் வைக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழில் பல விஷயம் எங்களுக்குத் திருப்பி வைத்த மாதிரி இருக்கும், அதில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன். என் குறிப்பு நோட்டில் அன்று இரண்டு நாளாகக் கேட்ட சொற்களை எழுதிக்கொண்டிருந்தேன். குசினி (சமையலறை), பகிடி (கேலி), பேந்து (பிறகு) என்ற வரிசையில் இதையும் எழுதினேன்: "அரைப் பதினொண்டு = பதினொன்றரை. யாழ்ப்பாண வழக்கு." அடியில் கோடும் போட்டேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாமா விடியுமுன் வேலைக்குப் போய்விட்டார். துவாரகா வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் எனக்கு இரண்டு துண்டு ரொட்டி கட்டித் தந்தாள். ஒன்றில் பழுப்பு நிறப் பாற்கட்டி, சர்க்கரைப் பாகு போல இனிப்பது. இன்னொன்றில் தேங்காய்ச் சம்பல். நடுவில் மெழுகுத் தாள். "வடிவாக் கதையுங்கோ அண்ணா, பாம்பரைப் பற்றி" என்றாள்.

மெட்ரோ பழுதாகலாம் என்று பயந்து ஒன்பதரை மணிக்கே கிளம்பினேன். எதுவும் பழுதாகவில்லை. பத்து மணி இருபது நிமிடத்துக்கு ஆய்வு நிலையத்தின் வாசலில் நின்றேன்.

இதை எழுதும்போது விரல் நிற்கிறது. பத்து இருபதுக்கு நான் அந்த வாசலில் நின்றேன்.

இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்பது என் கணக்கு. என் நெறியாளர் சொல்லி அனுப்பியிருந்தார்: "ரொம்ப முன்னாடி போய் அவங்க முன்னால உக்காந்துடாதப்பா. அங்க அதுவும் மரியாதைக் குறைவு. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போ." அதனால் எதிரே இருந்த பெஞ்சுக்குப் போனேன். பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். குளிர் மூக்கில் ஊசியாக ஏறியது. மாமாவின் ஜாக்கெட்டுக்குள் கழுத்து வரை ஒடுங்கிக்கொண்டு, பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

நான் சொல்ல இருந்தது இது. ஏதென்ஸ்காரர்கள் தங்கள் முதல் அரசன் மண்ணிலிருந்து வந்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நாங்கள் எங்கிருந்தும் வந்தவர்கள் இல்லை, இந்த மண்ணே நாங்கள் என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பட்டியலைக் கொஞ்சம் கீழே படித்தால் வேறு ஒன்று தெரியும். கெக்ரோப்ஸுக்கு ஒரு மகன் இருந்தான், தகப்பனுக்கு முன்பே பிள்ளையில்லாமல் செத்துப்போனான். அடுத்து வந்த க்ரனாவோஸ், அவனும் மண்ணிலிருந்து வந்தவன். அவனை மருமகன் துரத்தினான். மருமகனைத் துரத்தியவன் எரிக்தோனியோஸ். அவனும் மண்ணில் பிறந்தவன்தான். ஒரே ஊரில் மூன்று முறை மண்ணிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முதல் ஆள் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் தான் சேர்த்ததை அடுத்தவன் கையில் கொடுக்க முடியாமல் போகிறது, அடுத்தவன் மறுபடி மண்ணிலிருந்து எழுந்து வர வேண்டியிருக்கிறது. இந்தக் கதைகள் பெருமைக்குச் சொல்லப்பட்டவை போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரு பயம் என்பது என் வாதம். இதை யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை.

அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போனார். பிறகு பசித்தது. சம்பல் ரொட்டியை எடுத்தேன். பாதி தின்றிருப்பேன், நீல ஸ்வெட்டர் போட்ட ஒருவர், நரைத்த தாடி, வாசலுக்கு வந்து நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். கண் என் மேல் நின்றது. நான் வாயில் ரொட்டியோடு புன்னகை செய்தேன். அவரும் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். நல்ல மனிதர்கள், முன்பின் தெரியாதவனுக்கும் தலையசைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே மறுபடி வந்து பார்த்தார். நான் மறுபடி சிரித்தேன்.

பதினொன்றேகாலுக்குச் சக்கரப் பெட்டிப் பெண் வெளியே வந்து டாக்ஸியில் ஏறினார். நான் எழுந்து, மீசையில் ஒட்டியிருந்த தேங்காயைத் துடைத்து, மெழுகுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பதினொன்று இருபதுக்கு உள்ளே போனேன்.

அலுவலகத்து அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "எங்கே போயிருந்தீர்கள்? அந்த எண்ணில் ஏழு முறை கூப்பிட்டேன்." மாமாவின் போன் ஆஸ்பத்திரியில் அலமாரிக்குள் பூட்டியிருக்கும். நான் ஒன்றும் விளங்காமல், "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டேனே" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எண்களாக எழுதி என் பக்கம் திருப்பினார். 10.30.

நீல ஸ்வெட்டர்காரர் உள்ளறையிலிருந்து வந்தார். அவர்தான் குழுவின் தலைவர். என்னையும், முழங்கால் வரை தொங்கிய ஜாக்கெட்டையும் பார்த்தார். "பெஞ்சில் இருந்தது நீங்களா?" என்றார். "இவராக இருக்குமோ என்று நினைத்தேன். தாமதமான ஆள் இப்படி அமைதியாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார் என்று திரும்பிவிட்டேன்."

சக்கரப் பெட்டிப் பெண்தான் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். அவர் இல்லாமல் கேட்டது செல்லாது. மற்ற இரண்டு பேர் திங்கட்கிழமையே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அரை, பதினொன்று, தமிழ் என்று ஏதோ உளறினேன். தலைவர் "பெக்லாகர்" என்றார். வருந்துகிறேன் என்பதற்கு அவர்கள் சொல். அந்த அம்மாவும் "பெக்லாகர்" என்றார். ஒரு கோப்பை காப்பி கொடுத்தார். வாங்கும்போதே பாதி ஜாக்கெட்டில் சிந்தியது.

மாலை மாமாவும் துவாரகாவும் ஏறக்குறைய ஒன்றாக வீடு வந்தார்கள். என்ன நடந்தது என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

"அரைப் பதினொண்டு எண்டுதானே சொன்னனான்!" என்றாள் துவாரகா. "அவ ஹால்வ் எல்லவெ எண்டு சொன்னவ. ஹால்வ் எல்லவெ எண்டா பதினொண்டுக்கு அரை மணித்தியாலம் இருக்குது. அரைப் பதினொண்டு!"

அப்போதுதான் விளங்கியது. நார்வேஜியனில் அரை என்பது வரப்போகிற மணியின் அரை. பதினொன்றை நோக்கிப் பாதி வழி. எங்களுக்கு அரை என்பது போன மணியின் மேல் ஏறிய அரை. அவள் நார்வேஜியன் நேரத்தைத் தமிழ்ச் சொற்களில் சொன்னாள். நான் தமிழ்ச் சொற்களைத் தமிழாகக் கேட்டேன்.

மாமா ஜாக்கெட்டைக் கூடக் கழற்றவில்லை. "பத்து வருசம் சனிக்கிழமை சனிக்கிழமையாத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டனான். மழை, பனி பாக்கேல்லை. மணி சொல்லத் தெரியேல்லை உனக்கு! ஒரு பிள்ளையின்ர வாழ்க்கையையே துலைச்சிட்டாய்! பத்தரை எண்டு சொல்ல வாய் வரேல்லையோ?"

"அப்பா, நீங்கள்தான் அப்பிடிச் சொல்லுறனீங்கள்!"

"நான் எப்ப சொன்னனான்?"

"ஒவ்வொரு நாளும். ஷிப்ட் அரை ஏழுக்கு எண்டுறனீங்கள். ஆறரைக்கு வேலைக்குப் போறனீங்கள். அம்மாவும் அப்பிடித்தான். இஞ்சை வீட்டில எல்லாரும் அப்பிடித்தான்!"

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருடமாக ஆஸ்பத்திரி அட்டவணையைப் பார்த்துப் பார்த்து அந்த வீட்டுத் தமிழில் அரை இடம் மாறியிருந்தது. முந்தாநாள்தான் அசூல் கிடைக்க ஒண்டரை வருசம் என்றார். அதில் நான் ஒன்றையும் தப்பாகக் கேட்கவில்லை. பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: "வருசத்தில வாற அரை தமிழ் அரை. மணியில வாற அரை இவங்கட அரை. நான் ஒருநாளும் கவனிக்கேல்லை."

"தப்பு என்மேலதாங்க மாமா. ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கணும்" என்றேன். உண்மையில் நான் திருப்பிக் கேட்டேன். அவளும் திருப்பிச் சொன்னாள். அதே சொல்லை.

துவாரகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பில் யாரும் கை வைக்கவில்லை. நான் மிச்சமிருந்த பாற்கட்டி ரொட்டியைத் தின்றேன்.

புதன்கிழமை அவள் வகுப்புக்குப் போகாமல் என்னோடு வந்தாள். ஆய்வு நிலையத்தில் தலைவரின் அறையில் நின்றுகொண்டே நார்வேஜியனில் பேசினாள். எனக்கு மொழி தெரியாது, ஆனால் நடுவில் "ஹால்வ்" வந்ததும், அவள் தன் நெஞ்சில் கை வைத்ததும் தெரிந்தது. பிறகு எனக்குச் சொன்னாள்: "அது என்ர பிழை, அவரின்ர பிழை இல்லை, அவர் பத்து இருபதுக்கே வந்து வாசலில இருந்தவர் எண்டு சொன்னனான்."

தலைவர் தாடியைத் தடவியபடி நெடுநேரம் கேட்டார். அவர் சொன்னதைத் துவாரகா எனக்குத் தமிழில் சொன்னாள். நேற்று மாலையே தேர்வாளர் விமானத்திலிருந்து இறங்கியதும் முடிவை எழுதி அனுப்பிவிட்டார். மற்ற இருவரின் தரவரிசை போய்விட்டது. இப்போது திறந்தால் அவர்களுக்கு அநியாயம். "அவர் நியாயமாத்தான் கதைக்கிறார் அண்ணா. அதாலதான் எனக்கு இன்னும் கோவம் வருது" என்றாள்.

எழுந்து கோட் போட்டுக்கொண்ட தலைவர், கதவருகில் நின்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்: "கெக்ரோப்ஸ் பற்றி என்ன சொல்ல இருந்தீர்கள்?"

சொன்னேன். ஐந்து நிமிடம் இருக்கும். மகன் முந்திச் செத்தது, மூன்று முறை மண்ணிலிருந்து தொடங்கியது, பெருமைக்குள் இருக்கும் பயம். அவர் கோட்டின் பொத்தானைப் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இது நல்ல வாதம்" என்றார். "மிக நல்ல வாதம். இதை நேற்றுக் கேட்டிருக்க வேண்டும்." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

வெளியே அலுவலகத்து அம்மா ஒரு படிவத்தை எடுத்து, பிறகு தயங்கி, திரும்ப இழுப்பறையில் வைத்தார். பயணச் செலவைத் திருப்பிக் கேட்கும் படிவம். குழுவின் முன் அமர்ந்தவர்களுக்கு மட்டும்தான் அது. "பெக்லாகர்" என்றார் மறுபடியும்.

மெட்ரோவில் துவாரகா ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான், "விடும்மா, யாருக்கும் தெரிஞ்சு நடக்கல" என்றேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "நான் இனிமேல் ஆங்கிலத்தில் பேசுகிறேன், சரியா? ஆங்கிலத்தில் நான் தப்புச் செய்வதில்லை." சரி என்றேன், அதையும் ஆங்கிலத்தில்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமா பகிடி விட முயன்றார். பாம்பு ராசாவுக்கு மணிக்கூடு இருந்திருந்தால் எந்தக் கையில் கட்டியிருப்பார் என்றார். கீழ்ப்பாதிதான் பாம்பு, கை இருக்கிறது மாமா என்றேன். யாரும் சிரிக்கவில்லை. துவாரகா அவரிடம் உப்பைக் கேட்டாள், நார்வேஜியனில். மாமா கொடுத்தார்.

வியாழன் காலை விமான நிலையத்தில் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். காப்பிக் கறை அப்படியே இருந்தது. "வைச்சிரும் தம்பி" என்றார். எங்கள் ஊரில் இதை எங்கே போடுவது மாமா என்றேன். அவர் அதைக் கைமேல் போட்டுக்கொண்டு, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நான் மறையும் வரை நின்றார்.

மாமா போன மாதம் கூப்பிட்டார். பேரப்பிள்ளை, பனி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "துவாரகா இப்ப என்னோடை நொர்ஸ்க்தான் தம்பி. தமிழ் ஒரு சொல்லும் இல்லை. கோவம் எண்டு இல்லை, வடிவாத்தான் கதைக்கிறாள். ஆனா நொர்ஸ்க். நான் அவளை ஏசினது அந்த ஒரு நாள்தான்." பிறகு சொன்னார்: "எனக்கு நொர்ஸ்க்கில வேலை செய்யத் தெரியும், பில் கட்டத் தெரியும், மன்னிப்புக் கேக்கத் தெரியும். மகளோடை பகிடி விடத் தெரியாது." நீர் ஒருக்கால் சொல்லிப் பாரும் என்றார். அவளுக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்பினேன். நலம், உங்களுக்கு வாழ்த்துகள் என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

விமானச் சீட்டுக்காக அப்பா சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். அது திரும்பி வராது என்று நான் சொன்னபோது, பரவாயில்லை என்றார். தை பிறந்ததும் இருவரும் கிளம்பிவிட்டார்கள். போகும் முன்பு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கைச் சொல்லி, முன்பணம் அடைய எத்தனை கல் அறுக்க வேண்டும் என்று அப்பா என்னிடம் கேட்டார். வீட்டில் கணக்குத் தெரிந்தவன் நான்தான். நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்துச் சொன்னேன்: ஒரு லட்சத்து நாலாயிரம் கல்.